வன்னிக் குளமொன்றில் ஒரு சின்னத் தாரா: கிளுவையா, நீலச்சிறகியா?

மார்கழி 27 ஆம் திகதி காலை ஆறே முக்காலுக்கு, முல்லைத்தீவு மாவட்டத்தில் கடலுக்குக் கிட்டவாக உள்ள ஒரு நடுத்தரக் குளத்தின் கிழக்குக் கரையில் மூன்று பேர் நின்றோம். நான், என்னிடம் உயர்தரத்தில் உயிரியல் படித்து இப்போது வேலைக்குப் போகும் ஒரு தம்பி, இடம்பெயர்ந்திருந்த காலம் போக முப்பது வருடத்துக்கு மேலாக அந்தக் குளத்தில் தோணி விட்டு மீன் பிடிக்கும் ஒரு ஐயா. குளத்தின் பெயரை நான் எழுதவில்லை. மாரியில் தாரா எங்கே கூடுகிறது என்று விசாரித்துக்கொண்டு துவக்கோடு வருகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுக்கு வழி சொல்வதாக இந்தக் கட்டுரை ஆகிவிடக் கூடாது.

அரிய பறவை எதையும் தேடி நாங்கள் போகவில்லை. 1987 முதல் ஒவ்வோர் ஆண்டும் ஜனவரியில் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. தை மாதம் எண்ணத் தொடங்கும் முன் கண்ணைப் பழக்கிக்கொள்ள வேண்டும் என்றுதான் போனோம். தூரத்துத் தண்ணீரில் நித்திரையாய்க் கிடக்கும் சில நூறு பறவைகளை எண்ணுவது பழகாத கண்ணுக்குக் கடினம். பத்துப் பத்தாகப் பிரித்து, ஒரு பத்து எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று கணித்து, பிறகு அந்த அளவைக் கூட்டத்தின் மேல் நகர்த்திக்கொண்டு போக வேண்டும். இதற்கு நாலைந்து காலையாவது வேண்டும்.

அன்று குளம் முக்கால்வாசி நிறைந்திருந்தது. இரவு முழுக்கப் பெய்த மழை விட்டு, வாடைக்காற்றும் அடங்கியிருந்தது. நடுத்தண்ணீரில் மண்ணிறச் சின்னத் தாராக்கள் நீளமான ஒரு திட்டாகக் கிடந்தன. நான் எண்ணியதில் 340, தம்பி எண்ணியதில் 365. பெரும்பாலானவை மூக்கை முதுகிறகுக்குள் செருகிக்கொண்டு உறக்கம். இடையிடையே விழித்திருந்தவற்றின் முகக்கோடுகளைப் பார்த்து, அது நீலச்சிறகிக் கூட்டம் என்று முடிவு செய்திருந்தோம். ஆங்கிலத்தில் இதைக் கார்கனி என்பார்கள். எங்கள் சனங்களுக்கு இதெல்லாம் தாராதான். நீலச்சிறகி, அதைப் போன்ற இன்னொரு சின்னத் தாராவான கிளுவை என்ற பெயர்கள் நாங்கள் புத்தகத்தில் படித்துப் பழகியவை.

கூட்டத்திலிருந்து விலகி, தெற்குப் பக்கத்து அலைகரையில், சேறும் கோரையும் சந்திக்கும் இடத்தில் இரண்டு ஊசிவால் தாராக்கள் மேய்ந்துகொண்டிருந்தன. அவற்றுக்குப் பக்கத்தில் இன்னொன்று நின்றது. சின்னது, கபில நிறம், முகத்தில் கோடு எதுவும் தெரியவில்லை.

"ரீச்சர், ஊசிவாலுக்குப் பக்கத்தில நிக்கிறதைப் பாருங்கோ. அது கிளுவை."

தம்பியின் குரல் அடியில் இறங்கியிருந்தது. அரியது எதையாவது கண்டுவிட்டால் யாருக்கும் சத்தம் தன்னால் குறைந்துவிடும்.

அவன் ஏன் அப்படிச் சொன்னான் என்பது விளங்க, ஒரு சிறு பின்னணி வேண்டும். நீலச்சிறகி ஐரோப்பாவிலிருந்து சைபீரியா வரை பரந்த பிரதேசத்தில் குஞ்சு பொரித்து, குளிர் தொடங்கும் முன் கிட்டத்தட்ட முழுவதுமாகத் தெற்கே இறங்கிவிடும். இலங்கைக்கு வருபவை மத்திய ஆசியப் பறப்புப் பாதையின் கடைசி முனைக்கு வருபவை. இதற்கு அப்பால் அவைக்கு இறங்க நிலம் கிடையாது. புரட்டாசி, ஐப்பசியில் வரத் தொடங்கி, பங்குனி, சித்திரையில் திரும்பிப் போகும். வட பகுதியின் களப்புகளிலும் குளங்களிலும் ஆயிரக்கணக்கில் கூடும். சுண்டிக்குளத்திலும் வங்காலையிலும் கட்டுக்கரைக்குளத்திலும் பார்த்தவர்கள் இருப்பீர்கள். கிளுவையும் வடக்கிலிருந்து வருவதுதான், இந்தியாவில் பரவலாகக் காணக்கூடியதும்கூட. ஆனால் இலங்கைக்கு மிகக் குறைவாகவே வரும். ஆகவே வன்னிக் குளத்தில் ஒரு கிளுவை என்பது தேதியோடும் படத்தோடும் பதிய வேண்டிய செய்தி.

கிளுவை என்று எழுதிவிட்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். யாரும் வந்து கேள்வி கேட்டிருக்க மாட்டார்கள். ஆனால் வன்னியின் பறவைக் குறிப்பேட்டில் நீண்ட வெற்றிடம் இருக்கிறது. போர் நடந்த வருடங்களில் இந்தக் குளக்கட்டுகளில் பைனாகுலரோடு நின்று பறவை எண்ணும் நிலை யாருக்கு இருந்தது? 2009க்குப் பிறகும் மிதிவெடி அகற்றி முடியும்வரை பல கரைகளுக்குக் கிட்டப் போக முடியவில்லை. நூறு பேர் எழுதும் இடத்தில் ஒருவர் தவறாக எழுதினால் மற்றத் தொண்ணூற்றொன்பதும் அதைத் திருத்தும். இங்கே ஒரு குளத்துக்கு ஒரு குறிப்புத்தான் இருக்கும்; அது பிழைத்தால் திருத்த வேறொன்று இல்லை. அதனால்தான் ஒரு சின்னக் கபிலத் தாராவுக்காக மூன்று காலைகள் போனோம்.

முதல் நாள் எழுதியது

புத்தகத்தைத் திறக்கும் முன் கண்ட எல்லாவற்றையும் எழுத வேண்டும் என்பது என் கண்டிப்பு. புத்தகத்தைப் பார்த்தபின் கண், அதிலுள்ள படத்தைத்தான் பறவையில் தேடும். அன்று தம்பியின் கொப்பியில் இருந்தது இதுதான்: ஊசிவாலை விட மிகவும் சிறியது. தலை சீரான கபிலம், கண்ணுக்கு ஊடாக ஒரு மங்கிய கறுப்புக் கோடு, கன்னத்தில் ஒன்றும் இல்லை. மூக்கின் அடியில் மஞ்சள் கலந்த நிறம். வாலின் பக்கத்தில் வெளிறிய கோடு. வலப்பக்க முதுகிறகில் ஒன்று வளைந்து மேலே நிற்கிறது. தூரம் ஏறக்குறைய 150 மீற்றர். வெளிச்சம் நல்லது, சூரியன் முதுகுப் பக்கம்.

இந்தக் குறிப்பைப் பார்த்தால் கிளுவைப் பேட்டின் அடையாளம் மூன்றும் இருக்கின்றன. கிளுவைப் பேட்டுக்கு முகம் வெறுமையாக இருக்கும். கண்கோடு மட்டும்தான். மூக்கின் அடியில் செம்மஞ்சள் சாயல் பல பறவைகளில் காணப்படும். வாலின் இரு பக்கத்திலும் ஒரு வெளிறிய கீற்று ஓடும். தூரத்திலிருந்தே பிரித்தறிய உதவும் அடையாளம் அது. நீலச்சிறகிப் பேட்டுக்கு நேர்மாறாக முகம் முழுக்கக் கோடு: கண்ணுக்கு மேலே வெளிறிய புருவம், கண்ணுக்கு ஊடாகக் கருங்கோடு, அதன் கீழே வெளிறிய கோடு, பிறகு கன்னத்தில் இன்னொரு கருங்கோடு. மூக்கு தொடங்கும் இடத்தில் ஒரு வெளிறிய பொட்டு. தொண்டை வெள்ளை. மூக்கு முழுதும் சாம்பல்.

மூன்று அடையாளம் பொருந்தினால் போதாதா என்று தம்பி கேட்டான். நியாயமான கேள்விதான். நான் சொன்னது, மூன்றும் பறவை மேய்ந்துகொண்டிருந்தபோது சேற்றோரத்தில் கண்டவை, எதுவும் சிறகில் கண்டதல்ல என்று. தாராக்களைப் பொறுத்தவரை, உடலிறகு நாளுக்கு நாள் ஏமாற்றும். நனையும், சேறு பிடிக்கும், கலையும், பருவத்துக்குப் பருவம் மாறும். சிறகு அப்படி இல்லை.

அளவைப் பற்றி

"சின்னது" என்ற சொல்லை வைத்துப் பெயர் சூட்டுவதுதான் புதியவர்கள் அதிகம் செய்யும் பிழை. கிளுவையின் நீளம் 34 முதல் 38 சென்ரிமீற்றர். நீலச்சிறகி 37 முதல் 41. பெரிய கிளுவையும் சிறிய நீலச்சிறகியும் ஒரே அளவு. சராசரியில் உள்ள வித்தியாசம்கூட இரண்டு விரல் அகலம்தான், அதை 150 மீற்றரில் நின்று யார் அளக்க முடியும்? அத்தோடு எங்கள் பறவை ஊசிவாலுக்குப் பக்கத்தில் நின்றது. ஊசிவால் 50 சென்ரிமீற்றருக்கு மேல், கழுத்தும் நீளம். அதன் பக்கத்தில் எந்தச் சின்னத் தாராவும் குஞ்சு மாதிரித்தான் தெரியும். இதே பறவை கூட்டத்துக்குள் நின்றிருந்தால் தம்பியின் கண் அதில் தரித்திருக்காது.

சின்னத் தாரா என்று வன்னியில் யாராவது சொன்னால், முதலில் நினைக்க வேண்டியது வேறொன்று. வருடம் முழுவதும் இங்கேயே வாழும் குள்ளத்தாரா. உலகத்தின் மிகச் சிறிய தாராக்களில் ஒன்று. 26 சென்ரிமீற்றர் அளவுதான், வீட்டுப் புறாவின் நீளம்கூட இல்லை. சேவலுக்கு வெள்ளை முகம், கழுத்தில் கறுப்பு மாலை, முதுகில் வெயில் பட்டால் பச்சை மினுக்கம். பறக்கும்போது சிறகில் அகலமான வெள்ளைப் பட்டை. பேட்டுக்கு அந்த மினுக்கம் இல்லை, கண்ணுக்கு ஊடாக ஒரு கருங்கோடு. மூக்கு கட்டையானது. திறந்த தண்ணீரில் இதைத் தேடாதீர்கள். தாமரையும் அல்லியும் மூடிய இடத்தில், இலைக்கும் இலைக்கும் நடுவில் பாருங்கள். முதல் தடவை பார்ப்பவர்கள் முக்குளிப்பான் என்று நினைத்துவிடுவார்கள். முக்குளிப்பான் அடிக்கடி மூழ்கும், அதற்குப் பார்க்கக்கூடிய வால் கிடையாது. குள்ளத்தாராவுக்கு மரப்பொந்துதான் கூடு. குளக்கட்டோரத்து முதிய மருத மரங்களை வெட்டாமல் விடச் சொல்லி ஊரில் பேசும்போது நான் சொல்லும் காரணங்களில் இதுவும் ஒன்று. இதன் அறிவியல் பெயரின் இரண்டாம் பாதி கோரமாண்டெலியானஸ். எங்கள் சோழமண்டலக் கரைதான் அந்தச் சொல்லுக்குள் இருக்கிறது. 1789 இலேயே அந்தப் பெயர் வைத்தாயிற்று.

எங்கள் பறவை குள்ளத்தாரா இல்லை என்பது முதல் நிமிடத்திலேயே தெளிவு. அதற்கு வெள்ளை எங்கும் இல்லை, மூக்கும் நீளம். ஆகவே கேள்வி இரண்டுக்கு நடுவில் மட்டும்.

ஐயாவிடம் கேட்டேன். அவர் பைனாகுலரை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார்.

"உவர் சேத்துக்க மூஞ்சியைக் குத்திக்கொண்டு நிண்டவர், பிள்ளை. நீங்கள் வர முன்னமே நான் பாத்தனான். பின்னேரம் கூட்டத்தோட எழும்பிப் போறாரோ எண்டு பாருங்கோ. போனா அவையின்ர ஆள்தான்."

அன்று அவர் கடைசியாகச் சொன்னதைத்தான் நாங்கள் கவனித்தோம். கூட்டத்தோடு சேர்ந்து பறப்பது சாட்சி ஆகாது என்று தம்பி சொன்னான். அது சரிதான், கிளுவையும் நீலச்சிறகியும் ஒரே கூட்டத்தில் கலந்து கிடக்கும். ஆனால் முதல் வாக்கியத்தில்தான் விசயம் இருந்தது. சேறு.

படங்களோடு ஒரு இரவு

தம்பி எடுத்த படம் நாற்பத்திரண்டு. மடிக்கணினியில் பெரிதாக்கிப் பார்த்ததில் ஆறுதான் உதவின. அவற்றில் ஐந்தில் முகம் வெறுமையாகத்தான் இருந்தது. ஒன்றில், பறவை தலையைச் சற்றுத் திருப்பிய கணத்தில், கன்னத்தின் பின்பாதியில் ஒரு கருமை. கோடு என்று சொல்லலாம், நிழல் என்றும் சொல்லலாம். அதை வைத்து எதையும் நிறுவ முடியாது. ஆனால் கன்னத்தின் முன்பாதியும் மூக்கடியும் தலையின் மற்ற இடங்களை விட ஒரே சீரான, தட்டையான நிறத்தில் இருந்தன. இறகுக்கு உரிய வரிகள் அங்கே இல்லை. அதன் கழுத்தின் கீழ்ப்பக்கத்திலும் அதே நிறம் தண்ணீர் மட்டம் வரை தொடர்ந்தது. இறகின் நிறம் இப்படி ஒரு கிடைக்கோட்டில் வந்து நிற்காது.

வளைந்த முதுகிறகு எல்லாப் படத்திலும் தெளிவாக இருந்தது. அதைக் குறித்து வைத்துக்கொண்டோம். திரும்பப் போகும்போது பார்ப்பது அதே பறவைதான் என்று சொல்ல அது ஒன்றுதான் ஆதாரம். பலர் இதைக் கவனிப்பதில்லை. இரண்டு நாள் இரண்டு பறவையைப் பார்த்துவிட்டு, இரண்டின் அடையாளத்தையும் ஒன்றாக ஒட்டி மூன்றாவது ஒரு பறவையை உண்டாக்கிவிடுவார்கள்.

மார்கழி 30 இல் மீண்டும் போனோம். காற்றும் தூறலும். கூட்டம் கோரைக்குள் ஒதுங்கியிருந்தது. வளைந்த இறகுக்காரரைக் காணவில்லை. காணவில்லை என்றே எழுதிவிட்டுத் திரும்பினோம்.

தை 6, காலை எட்டு முப்பத்தைந்து

மூன்றாவது முறை நேரத்தோடு போய், கிழக்குக் கரையில் ஒரு வீரை மரத்தின் கீழ் அசையாமல் இருந்தோம். கிட்டப் போகவில்லை. தாராக் கூட்டம் உங்களைக் கண்டு கழுத்தை நிமிர்த்தியவுடன் நீங்கள் பார்க்க வேண்டியவை எல்லாம் மறைந்துவிடும். உறங்கும் பறவை உறங்கட்டும், மேயும் பறவை மேயட்டும், நாங்கள் காத்திருப்போம். காலையில் கிழக்குக் கரை, பின்னேரம் மேற்குக் கரை. இது எப்போதும் பொருந்தும் விதி. எதிர்வெயிலில் எல்லாத் தாராவும் கறுப்பு.

ஏழு பத்துக்குத் தம்பி வளைந்த இறகைக் கண்டுபிடித்தான். கூட்டத்தின் ஓரத்தில், மூக்கை மறைத்து உறக்கம். அந்த உறக்கத்தில் அது மற்ற முந்நூறிலிருந்து எந்த விதத்திலும் வேறுபடவில்லை. இதையும் எழுதினோம்.

எட்டு மணிக்குப் பிறகு கூட்டம் கலைந்து, பத்து இருபதாக ஆழம் குறைந்த இடத்துக்கு வந்தது. அலைகரையில் அந்தப் பக்கம் மணல், தண்ணீர் தெளிவு. குளிக்கத் தொடங்கின. தாரா குளிப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? தலையை முக்கி, தண்ணீரை முதுகில் வாரி எறிந்து, இரு சிறகாலும் தண்ணீரை அடித்து, கடைசியில் வாலின் மேல் நிற்பது போல உடம்பை நிமிர்த்தி நாலைந்து முறை சிறகடிக்கும். அந்த நாலைந்து சிறகடிப்பு இரண்டு செக்கன் நீடிக்கும். இனம் அறிய விரும்புகிறவர்கள் இந்த இரண்டு செக்கனுக்காகத்தான் காலை முழுதும் இருக்க வேண்டும்.

எங்கள் பறவை எட்டு இருபதுக்குக் குளிக்கத் தொடங்கியது. இரண்டாம் மூன்றாம் முக்கிலேயே முகம் வேறாகிவிட்டது. புருவம் வெளிறித் தெரிந்தது. கன்னக்கோடு தெரிந்தது. மூக்கடியில் பொட்டு, தொண்டையில் வெள்ளை. தம்பி பைனாகுலரை இறக்கி என்னைப் பார்த்தான், ஒன்றும் பேசவில்லை. பதினைந்து நிமிடம் கழித்து அது எழுந்து சிறகடித்தது. கமெரா ஏழு படம் பிடித்தது, நாலில் சிறகு முழுதாக விரிந்திருந்தது.

முன்சிறகு வெளிறிய நீலச் சாம்பல். மழை விட்ட காலை வானத்தின் நிறம். அதன் பின்னால் பச்சைப் பட்டை, அதற்கு முன்னும் பின்னும் இரண்டு வெள்ளைக் கோடு, இரண்டும் ஏறக்குறைய ஒரே அகலம்.

இதற்கு மேல் விவாதம் இல்லை. கிளுவைக்கு, சேவலானாலும் பேடானாலும், முன்சிறகு கபிலச் சாம்பல்தான். பச்சைப் பட்டையின் முன்னால் உள்ள வெள்ளைக் கோடு அகலமாகவும் பின்னால் உள்ளது ஒடுக்கமாகவும் இருக்கும். நீலச்சிறகிப் பேட்டுக்கு முன்சிறகில் நீலம் இராது, பச்சையும் மங்கல், பின்கோடுதான் எடுப்பாகத் தெரியும். வெளிறிய நீல முன்சிறகும் இரு சமமான வெள்ளைக் கோடும் சேர்ந்து வந்தால் அது நீலச்சிறகிச் சேவல். தமிழில் யார் முதலில் அந்தப் பெயரை வைத்தார்களோ, அவர் சிறகு விரியும்வரை பார்த்துவிட்டுத்தான் வைத்திருக்கிறார்.

சேவல் ஏன் பேடு மாதிரி நின்றது?

படங்களில் நீலச்சிறகிச் சேவலைப் பார்த்தவர்கள் அதன் வெள்ளைப் புருவத்தை மறக்க மாட்டார்கள். கண்ணுக்கு மேலிருந்து பிடரி வரை இறங்கும் அகலமான வெள்ளைப் பிறை, கருங்கபில முகத்தில் சுண்ணாம்பால் இழுத்தது போல இருக்கும். அந்தப் புருவம் எங்கள் பறவையில் இல்லை. மார்கழியில் நாங்கள் பார்த்த கூட்டத்திலும் அநேகமாக இல்லை.

தாராக்கள் குஞ்சு பொரிக்கும் காலம் முடிந்தவுடன் சிறகின் பறக்கும் இறகு அனைத்தையும் ஒரே நேரத்தில் உதிர்க்கும். புதியவை முளைக்கும் சில வாரத்துக்குப் பறக்க முடியாது. அந்த நேரம் சேவல் பளிச்சென்ற உடையோடு திரிந்தால் நரிக்கும் கழுகுக்கும் இலகுவான இரை. ஆகவே அதற்கு முன்பே உடலிறகை மாற்றி, பேட்டைப் போன்ற மங்கிய உடைக்கு வந்துவிடும். மற்றத் தாரா இனங்களில் பலவும் மாரிக்கு முன்பே அந்த மங்கல் உடையைக் களைந்துவிடும். நீலச்சிறகி களைவதில்லை. அது மங்கல் உடையோடுதான் எங்களிடம் வந்து, குளிர்காலத்தின் நடுப்பகுதி தாண்டியும் அதை வைத்திருக்கும். ஆனால் சிறகு வடக்கிலேயே புதிதாக முளைத்தாயிற்று. அடுத்த வருடம்வரை அது மாறாது. உடம்பு பேடு, சிறகு சேவல். மூடிய சிறகோடு நிற்கும்வரை அந்தச் சேவலை யாராலும் அறிய முடியாது.

இன்னொரு அழகான தொடர்பும் இதில் இருக்கிறது. இந்த நீல முன்சிறகு தட்டைவாயன் தாராவுக்கும் உண்டு. முந்தைய புத்தகங்கள் நீலச்சிறகியைக் கிளுவையோடு சேர்த்து அனஸ் என்ற பேரினத்தில் வைத்திருந்தன. மரபணு ஆய்வுகளுக்குப் பிறகு அது தட்டைவாயனோடு சேர்த்து ஸ்பாட்யுலா என்ற பேரினத்துக்கு மாற்றப்பட்டது. உங்கள் கையில் உள்ள புத்தகத்தில் பழைய பெயர் இருந்தால் குழம்ப வேண்டாம், பறவை ஒன்றுதான். நாங்கள் குழப்பிக்கொண்ட இரண்டு பறவைகளும் அளவில்தான் கிட்டம், உறவில் அவ்வளவு கிட்டம் இல்லை.

எங்கே வழி தவறினோம்

முகம் வெறுமையாகத் தெரிந்ததற்குக் காரணம் சேறு. மழையில் கரைந்து வந்த களிமண் அந்த அலைகரையில் கெட்டியாகக் கிடந்தது. பறவை கண்வரை மூக்கைக் குத்தி மேய்ந்ததில், வெளிறிய பொட்டும் கோடும் ஒரு பூச்சுக்குள் போய்விட்டன. கண்கோடு கருமையானது என்பதால் அது மட்டும் தப்பித் தெரிந்தது. ஐயா சொன்ன முதல் வாக்கியம் இதுதான். அவர் அதை ஒரு காரணமாகச் சொல்லவில்லை, அன்று காலை கண்டதைச் சொன்னார். நாங்கள் இறகைப் பார்த்துக்கொண்டிருந்ததால் அது காதில் ஏறவில்லை. மூக்கடியின் மஞ்சளும் அதே சேறுதான். காலைச் சாய்வெயில் ஈரச் சேற்றில் பட்டால் அப்படித்தான் மின்னும்.

வாலோரத்துக் கோடு எனக்கு நீண்ட நேரம் பிடிபடவில்லை. முதல் நாள் படத்தையும் தை 6 படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகுதான் தெளிந்தது. முதல் நாள் அதன் பின்விலா இறகுகள் நனைந்து கட்டியாகி மேலே ஒதுங்கியிருந்தன. நீலச்சிறகியின் வயிறு வெள்ளை. ஒதுங்கிய இறகுக்குக் கீழே அந்த வெள்ளை ஒரு கீற்றாக வெளியே தெரிந்திருக்கிறது. குளித்து இறகு கோதிய பின் அந்தக் கீற்று இல்லை. கிளுவையின் வால்கீற்று நல்ல அடையாளம்தான், அதில் எனக்கு நம்பிக்கை குறையவில்லை. ஆனால் அதை உலர்ந்த பறவையில், இரண்டு பக்கத்திலும் பார்த்து எழுத வேண்டும். நாங்கள் ஒரு பக்கத்தை மட்டும், நனைந்த பறவையில் பார்த்தோம்.

ஊசிவால் பக்கத்தில் நின்றதைச் சொல்லிவிட்டேன். இன்னொன்றும் உண்டு. அந்த வாரம் தம்பி கிளுவையைப் பற்றி நிறையப் படித்திருந்தான். படித்த பறவை கண்ணுக்குள் நிற்கும். அது அவன் குற்றமில்லை. கற்றுக்கொள்ளும் எவருக்கும் அந்தக் கட்டம் வரும், அப்படி ஆசைப்படாதவர் குளக்கரைக்கே வர மாட்டார். ஆசையை வைத்துக்கொண்டே, கொப்பியில் "பெயர் பிறகு" என்று எழுதும் பழக்கம்தான் வேண்டும். அவன் அன்று அப்படித்தான் எழுதியிருந்தான். முதல் நாள் குறிப்பில் கிளுவை என்ற சொல்லுக்கு முன்னால் ஒரு கேள்விக்குறி இருக்கிறது. பத்து நாளுக்குப் பிறகு அந்தக் குறிப்பைத் திருத்தும்போது எதையும் அழிக்க வேண்டியிருக்கவில்லை. கீழே ஒரு வரி சேர்த்தோம்: நீலச்சிறகி, வளர்ந்த சேவல், மங்கல் உடை, சிறகு கண்டது தை 6, படம் உண்டு.

கமெரா இல்லாதவர்கள் இதைச் செய்ய முடியாதா என்று ஒருவர் கேட்டார். முடியும். எங்களுக்குப் படம் தந்தது மீண்டும் பார்க்கும் வசதி மட்டுமே. ஒரு சாதாரண பைனாகுலரோடு இருவர் போங்கள். ஒருவர் முன்சிறகின் நிறத்தை மட்டும் பார்ப்பது, மற்றவர் இரு வெள்ளைக் கோட்டில் எது அகலம் என்று மட்டும் பார்ப்பது என்று முன்கூட்டியே பிரித்துக்கொள்ளுங்கள். சிறகடிக்கும் இரண்டு செக்கனில் ஒருவர் இரண்டையும் பார்க்க முயன்றால் ஒன்றும் பதியாது. பார்த்த கையோடு, ஒருவரோடு ஒருவர் பேசாமல் எழுதுங்கள். எழுதிய பிறகு பேசுங்கள்.

பொழுது சாய்ந்த பிறகு நிற்கவும் நேரம் வைத்துக்கொள்ளுங்கள். இந்தத் தாராக்கள் பகல் முழுக்கத் தண்ணீரில் கிடந்துவிட்டு, இருட்டும் நேரத்தில் மேய்ச்சலுக்கு எழும்பும். பெரும்போக வயல்களுக்கு மேலால் அவை போகும் சிறகோசையை இரவுக் காவலுக்குப் படுத்திருப்பவர்கள் நன்றாக அறிவார்கள். ஐயா அந்த ஓசையை வைத்தே எத்தனை கூட்டம் போனது என்று சொல்வார். நான் இன்னும் அதைப் பழகிக்கொண்டிருக்கிறேன்.

மாசி 18

கணக்கெடுப்பெல்லாம் முடிந்து, தண்ணீர் நன்றாக வற்றத் தொடங்கிய நேரத்தில் மறுபடி போனோம். இந்த முறை பைனாகுலரைத் தூக்கியவுடனேயே வித்தியாசம் தெரிந்தது. கபிலத் திட்டாகக் கிடந்த கூட்டம் எங்கும் வெள்ளைப் புருவம். சிலவற்றில் முழுப் பிறை, சிலவற்றில் பாதி முளைத்தது, ஒன்றிரண்டில் வெறும் வெள்ளைப் புள்ளிகளின் வரிசை. மார்கழியில் நாங்கள் பேடு என்று எண்ணி ஒதுக்கியவற்றில் எத்தனை சேவல்கள் இருந்திருக்கின்றன என்று அப்போதுதான் கண்ணால் கண்டோம். நடுவில் ஒரு சத்தம், சீப்பின் பல்லில் நகத்தை இழுத்தது போல வறண்ட கரகரப்பு. நீலச்சிறகிச் சேவல் எழுப்பும் சத்தம் அது. கிளுவைச் சேவலுடையது சீழ்க்கை போல மணியாக இருக்கும். ஐயா தோணியை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"போறதுக்கு ஆயத்தம் பண்ணீனம், பிள்ளை."

வளைந்த இறகுக்காரரைத் தேடினோம். அந்த இறகு உதிர்ந்திருக்கும், இனி அவர் எந்தப் புருவக்காரர் என்று சொல்ல வழியில்லை.

கணக்குத் தாளைத் தம்பிதான் நிரப்பினான். நீலச்சிறகி 212. ஊசிவால் 9. குள்ளத்தாரா 6, தாமரைப் பக்கம். பிறகு ஒரு மூலையில், எதிர்வெயிலில், சேற்றில் மூக்கைக் குத்திக்கொண்டு நின்ற நாலைப் பார்த்துக்கொண்டே நின்றான். தாளில் எழுதினான்: சிறு தாரா, இனம் தெளிவில்லை, 4.

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. நான் பையைக் கட்டத் தொடங்கினேன்.

"இன்னும் அரை மணித்தியாலம் நிப்பம், ரீச்சர்," என்றான். "குளிக்க வருங்கள்."